ஆச்சியின் பக்ஷே

ஒரே ஒரு வார்த்தை, முழுசாக ஒரு விநாடிகூட வராது. அதை வெட்டியது சரிதான் என்று எனக்கு நானே பத்து தடவையாவது சொல்லியாயிற்று. இன்னும் அடங்கவில்லை.

செங்கோட்டை ஆச்சியிடம் நான் ஒலிப்பதிவு செய்த பேட்டி அது. 1956 நவம்பர் 1-ல் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது ஆச்சிக்குப் பன்னிரண்டு வயது. அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது கேரளத்துப் பக்கம் நின்றுவிட்ட புனலூரில். "தமிழ்நாட்டோட சேர்ந்ததுல சந்தோஷந்தானா ஆச்சி?" என்று கேட்டேன். (இப்படிக் கேட்கவே கூடாது, பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டிருக்கிறேன். அது வேறு.) ஆச்சி சொன்னது: "சந்தோஷந்தான். பின்ன? நம்ம பாஷை, நம்ம ஆளுக. பக்ஷே..."

மலையாளத்தில் 'ஆனால்' என்று அர்த்தம். அதோடு நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஃபேனை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜை அணைத்து, திரும்பப் போட மறந்துவிடாமல் இருக்க பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடுகிற மாதிரி லெவல் வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, ஃபைலைச் சுருக்காமல் வேவ்-ஆகவே எடுத்தேன். 'ம்ம்' கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில், வெட்டுகிற இடங்களுக்கு அடியில் போட்டு ஒட்ட, யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அறையின் வெறும் சத்தம் எடுத்தபோது, "சும்மா இருக்கிறதையுமா பிடிப்ப?" என்று ஆச்சி சிரித்தார்.

எடிட்டிங்கில் நாற்பது நிமிஷம் ஒன்பதாக வேண்டும். தொடங்கி முடியாத வார்த்தை, இழுவை, திக்கல் எல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும், புதிதாக வருகிறவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பக்ஷேயும் அந்தச் சுற்றில் போனது. "நம்ம ஆளுக" என்று கச்சிதமாக முடிந்தது, அடியில் கொஞ்சம் அறைச் சத்தம் ஓட்டினேன், ஒட்டு தெரியவில்லை. அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியான மறுநாள் ஆச்சி போன் செய்தார்.

"நல்லாருக்கு தம்பி, பேத்தி போட்டுக் காட்டினா. நான் ஒண்ணு சொல்ல வந்தேனே, அதக் காணுமே?"

"எது ஆச்சி?"

"பக்ஷேன்னு ஒரு இழுவை இழுத்தேன்லா."

"அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லலையே ஆச்சி."

"ஓ, சொல்லலையா? சரி, சரி."

அந்த இரண்டு 'சரி'தான் தூங்கவிடவில்லை. ராத்திரியே மூல ஃபைலைத் திறந்தேன். ஆச்சி சொல்லவில்லை, உண்மைதான். பக்ஷே முடிந்து ஒன்றரை விநாடியில் என் குரல் வருகிறது: "சரி ஆச்சி, அப்போ புனலூர் ரயில்ல போன கதையைச் சொல்லுங்க." பேட்டி முழுக்க என் குரலை எடுத்துவிட்டதால், வெட்டின அன்றைக்கு இது எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டும் கவனிக்கவில்லையோ என்னவோ. வார்த்தையை வைத்தால் நான் குறுக்கே விழுந்ததையும் வைத்திருக்க வேண்டும். இழுவை என்று நான் வெட்டியது எதை?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் குறுக்கே விழுந்ததால்தான் அந்த ரயில் கதை வந்தது. 1904-ல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ், குகை வந்ததும் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவது, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தில் எட்டிப் பார்த்து அம்மாவிடம் குட்டு வாங்கியது. 2010-ல் அந்த ரயிலை நிறுத்தியபோது ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்தாராம், 2018-ல் அகலப்பாதையில் திரும்ப வந்த ரயிலில் ஏறவே இல்லையாம், அக்கா போய்ச் சேர்ந்த பிறகு அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது இந்தப் பகுதியைத்தான். நான் காத்திருந்திருந்தால் ஆச்சி என்ன சொல்லியிருப்பார்? ஒன்றுமே சொல்லாமல் டீ போடப் போயிருக்கலாம்.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். அந்த நாற்பது நிமிஷமும் ஆச்சி 'ஆனா' என்றுதான் சொல்கிறார். பக்ஷே அந்த ஒரே இடத்தில்தான். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று சில நாள் தோன்றும். எல்லைப்புறத்து ஆள் பேச்சில் மலையாளம் வந்தால் அதையும் ஆராய்ச்சி செய்வாயா என்று சில நாள் என் மேலேயே எரிச்சல் வரும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "அதுவா, என்னமோ வாயில வந்திருக்கும்," என்றார். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. அன்றைக்கு மைக் கொண்டுபோகவில்லை.

வார்த்தையையும் அதற்குப் பின்னால் என் குரலையும் திரும்ப ஒட்டி இன்னொரு பிரதி செய்து வைத்திருக்கிறேன், இன்னும் வெளியிடவில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கேட்கக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "நாலாவது நிமிஷத்துல ஒரு வார்த்தை தொங்குது, அண்ணன் குரலும் உள்ள வருது, ரெண்டையும் எடுத்துரட்டுமா?" என்றான். நான் சொல்லிக்கொடுத்தபடியே சொல்கிறான். ஒன்றும் சொல்லாமல் ஃபைலை வாங்கிக்கொண்டேன்.