அப்பாவின் சக்கர்பாரா: ஒன்பதாவது ஈடு பூத்துவிட்டது

சக்கர்பாரா என்றால் மைதாவைப் பிசைந்து துண்டு துண்டாக வெட்டிப் பொரித்து, சர்க்கரைப் பாகில் பிரட்டுகிற பண்டம். மேல்பாகு வெளுத்துப் பொடிமணியாக உறைவதைத்தான் பூப்பது என்கிறேன். போன சனிக்கிழமை டப்பாவில் போட்டு மூடியது. இன்று புதன். திறந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டேன், டக்கென்று சத்தம் கேட்டது. கார்த்திகை மாத ஈரத்தில், ஐனாவரத்தில், நாலு நாள் தாங்கியிருக்கிறது! ஜூனிலிருந்து எட்டு ஈடு பிசுபிசுத்துப் போன பிறகு கிடைத்தது இது.

அப்பா ராணுவத்தில் 24 வருஷம் சமையல்காரர். பெங்களூரு ஏ.எஸ்.சி. (ஆர்மி சர்வீஸ் கோர்) சென்டரில் பயிற்சி முடித்துவிட்டு பதான்கோட், லே, தேஜ்பூர் என்று லங்கர் லங்கராக (ராணுவச் சமையல்கூடம்) போனவர். லீவில் வந்ததும் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறப்பார். முதலில் வெளியே வருவது ஒரு டால்டா டப்பா நிறைய சக்கர்பாரா. நாள்கணக்கில் பயணம் போகிற ஜவான்களுக்குக் கட்டிக் கொடுக்கிற பண்டம் அது. கெடாது, நொறுங்காது, நாலு தின்று தண்ணீர் குடித்தால் பசி தாங்கும்.

அவர் போய், வருகிற மாசியோடு இரண்டு வருஷம். அவர் சமையல் அளவுகளை எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கணக்கு 100 பேருக்கு: மைதா 10 கிலோ, ரவை 1 கிலோ, டால்டா 2½ கிலோ, சர்க்கரை 6 கிலோ. நான் எல்லாவற்றையும் இருபதில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கிறேன். மாவு, பொரிப்பு எல்லாம் இரண்டாவது ஈட்டிலேயே பிடிபட்டுவிட்டன. நெய்யில் செய்து பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மொரமொரப்பு வரவில்லை. டால்டாவேதான் வேண்டும்.

சிக்கல் முழுக்கப் பாகில். நோட்டில் இப்படி இருக்கிறது (சாஷ்னி என்றால் பாகு): "சாஷ்னி ஒரு கம்பி. கொட்டிப் பிரட்டிப் பரப்பு. தானே காயும்." எனக்குக் காயவே இல்லை. ராத்திரி பளபளவென்று இருக்கும், விடிந்தால் தட்டெல்லாம் கசிந்திருக்கும். ஆன்லைனில் வாங்கிய தெர்மாமீட்டர் கொதிக்கிற தண்ணீரில் 96 காட்டியது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அது 100 காட்ட வேண்டும். அதைத் தூக்கி வைத்துவிட்டு நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு லேப் சாமான் கடையில் வேறு வாங்கினேன். 105, 106, 107 என்று வைத்துப் பார்த்தேன். அப்படியும் கசிவு நிற்கவில்லை.

அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே "லே" என்று எழுதியிருந்தார். எத்தனையோ தடவை பார்த்தும் கடந்து போயிருக்கிறேன். லடாக்கிலுள்ள லே சுமார் 3500 மீட்டர் உயரம். தண்ணீர் 88 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது என்று அப்பா சொல்வார். காற்றும் வறண்ட காற்று. அங்கே ஒரு கம்பிப் பாகு தானே காய்ந்துவிடும். இங்கே கடற்காற்றில் எப்படிக் காயும்?

அம்மாவிடம் புலம்பினேன். "வீட்ல செய்யும்போது உங்கப்பா அந்தப் பக்கத்தையே பார்க்க மாட்டாரும்மா. நோட்டுக்குப் பின்னாடி என்னமோ எழுதி வச்சிருந்தாரு, பாரு" என்றார்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கமிருந்து வீட்டுக் கணக்கு. "எம்.ஓ. 800. பாப்பா பீஸ் 150. பாப்பா ஷூ 11 நம்பர், அடுத்த லீவுக்கு 12." அதற்கும் எல்.ஐ.சி. தவணைக்கும் நடுவில் பச்சை மையில் நாலு வரி: "வீட்டுக்கு ரெண்டு கம்பி. இறக்கிய பிறகு கை ஓயக்கூடாது. பூத்தபின் விடு. பாப்பாவுக்குச் சின்னதாக வெட்டு."

டப்பாவில் எப்போதும் மேலாக ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அதில் சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகள். அவை வெட்டும்போது மிஞ்சிய ஓரங்கள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எனக்கு முன்பல் விழுந்திருந்த சமயம் அது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, பூக்கவைக்கும் கட்டத்துக்கு வருகிறேன். பாகு 110 வந்ததும் பொரித்த துண்டுகளைக் கொட்டி, உடனே அடுப்பிலிருந்து இறக்கி, மரக்கரண்டியால் அடியிலிருந்து பிரட்ட வேண்டும். முதல் இரண்டு நிமிஷம் பளபளப்பு. மூன்றாவதில் கோந்து மாதிரி கனக்கும், கை கெஞ்சும். முந்தைய எட்டு ஈட்டிலும் நான் இந்த இடத்தைத் தாண்டவில்லை. நிறுத்தாமல் போனால் ஐந்தாவது நிமிஷம் சத்தம் மாறுகிறது. சளக் சளக் என்றிருந்தது சரக் சரக் என்று ஆகும். ஓரத்தில் ஒரு துண்டு வெளுக்கும், பத்து எண்ணுவதற்குள் சட்டி முழுக்க விபூதி பூசியதுபோல் ஆகிவிடும். அரை நிமிஷம் முன்னால் விட்டாலும் பாகு கண்ணாடியாக உறைந்துவிடும். கண்ணாடிச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பொடிமணியாகப் பூத்துவிட்டால் அவ்வளவு இழுப்பதில்லை.

ஃபேனை நிறுத்திவிடுங்கள், மேல்பாகு முந்திக்கொண்டு உறைகிறது. மெல்லிய அலுமினியச் சட்டியும் வேண்டாம், சீக்கிரம் ஆறிவிடும். மிண்ட் தெருப் பக்கம் வாங்கிய இரும்புச் சட்டி எனக்குச் சரியாக இருக்கிறது.

இந்த ஈட்டிலும் ஒரு குறை உண்டு. கனம் ஒரே சீராக இல்லை, தடித்த துண்டுகள் நடுவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கின்றன. அதைச் சரி பண்ணுவதற்குள் மனசு லங்கர் பருப்புக்குப் போய்விட்டது, உளுந்துக்கும் கடலைப்பருப்புக்கும் அவர் வைத்த அளவு இன்னும் கண்ணில் படவில்லை. ஜனவரி 15 ராணுவ தினம். அப்பாவோடு வேலை பார்த்த மாமாக்கள் மூன்று பேர் ஆவடியில் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு டப்பா சக்கர்பாரா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மொத்தம் 2 கிலோ மாவாகும். என் இரும்புச் சட்டி அரை கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் நாலு ஈடாகப் போடுவதா, பெரிய சட்டிக்கு மறுபடி மிண்ட் தெரு போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.