வார்டர் வேலையை விடுவது: காரணங்களும் காகிதங்களும்

சிறைக் காவலர் வேலையை விடுகிறவரிடம் ஏன் என்று கேட்டால் முதலில் வாயில் வருவது ‘ஆஃப்’தான், அதாவது கிடைக்காத வார விடுமுறை. எட்டு மணி நேர டியூட்டி என்பது பட்டியலில் இருக்கும். ஒருவர் லீவு, இன்னொருவர் ஆஸ்பத்திரிக் காவல் என்று போனால் மிச்சம் நிற்பவர் அடுத்த ஷிப்டையும் பார்த்தாக வேண்டும். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது 2016 மாதிரிச் சிறைக் கையேடு. பிளாக்கில் நிற்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மாலையில் கைதிகளை அறைக்குள் பூட்டும் லாக்அப் நேரத்தில் தலை எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் கூடினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும், கணக்கு நேராகும் வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடியில் ஊர்க் கோயில் கொடை விழா என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும். கணக்கு அன்றைக்கும் உண்டு.

அடுத்த காரணத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. காவலரும் கைதியும் ஒரே தாலுகாக்காரர்களாக இருப்பார்கள். உள்ளே இருப்பவனின் மாமனோ மச்சானோ காவலரின் வீட்டு வாசலில் வந்து, “அண்ணாச்சி, ஒரு கட்டு பீடிதான, குடுத்துவிட்டா என்ன?” என்பான். மறுத்தால் ஊரில் முகம் திருப்புவார்கள். கொடுத்தால் சோதனையில் பிடிபட்டு 17பி மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு. இதிலிருந்து தப்பிக்க வெளி மாவட்டம் கேட்டுப் போகிறவர்களும் உண்டு. புழலுக்கோ கோவைக்கோ போன பிறகு வாடகையும் ரயில் டிக்கெட்டும் சம்பளத்தைத் தின்றுவிடும்.

ஆனால் எண்ணிக்கையில் அதிகம் வெளியேறுகிறவர்கள் கோபத்தில் போகிறவர்கள் இல்லை. போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வுதான் நடத்துகிறது. சம்பள விகிதமும் ஒன்றே: 18,200–67,100. போலீஸ் கேட்டுச் சிறை கிடைத்தவர் பயிற்சியிலேயே அடுத்த தேர்வுக்குப் புத்தகம் வைத்திருப்பார். எஸ்.ஐ., குரூப் 4, குரூப் 2 என்று எது முதலில் வருகிறதோ அதற்குப் போய்விடுவார்.

இவர்கள் சறுக்குவது விண்ணப்பத்திலேயே. அரசு வேலையில் இருப்பதை மறைத்து விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு என்.ஓ.சி.க்கு, அதாவது துறையின் தடையின்மைச் சான்றுக்கு, ஓடுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தபால் பிரிவில் தேதி முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். என்.ஓ.சி. தாமதமானாலும் அந்த நகல் கையில் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும்.

ராஜினாமாக் கடிதத்தில் ஒரு வரி விட்டுப்போனால் நஷ்டம் பெரிது. 1978 தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 23ஆம் விதிப்படி, ராஜினாமா செய்தால் அதுவரையான பணிக்காலம் பறிபோகும். முறையான அனுமதியோடு வேறு அரசுப் பணியில் சேர்வதற்காக விலகினால் பறிபோகாது. எனவே ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதாதீர்கள். எந்தத் துறை, எந்தப் பதவி, என்.ஓ.சி.யின் எண், தேதி, நியமன ஆணை எண் எல்லாவற்றையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். கடிதம் நியமன அலுவலரின் பெயருக்குப் போக வேண்டும். உங்கள் முதல் நியமன ஆணையில் கையெழுத்திட்ட பதவி எதுவென்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வேறு வேலை இல்லாமல் சும்மா விலக நினைக்கிறவர், 20 வருடத் தகுதிப் பணிக்காலமோ 50 வயதோ பக்கத்தில் இருந்தால் பொறுத்திருந்து விருப்ப ஓய்வு கேட்பது நல்லது. அதற்கு மூன்று மாத நோட்டீஸ். 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் தங்கள் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் மாதா மாதம் பிடித்த 10 சதவீதம் விடுபடாமல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் நின்றுவிடுவது மட்டும் கூடாது. அது ஒழுங்கு நடவடிக்கையில் முடியும். பிறகு எந்த அரசு வேலைக்குப் போனாலும் அந்த உத்தரவு முன்னால் வந்து நிற்கும்.

17பி நிலுவையில் இருந்தால் ராஜினாமா நகராது. விசாரணையை முடிக்கச் சொல்லித் தனி மனு கொடுங்கள். எஸ்.ஆர். எனப்படும் பணிப் பதிவேட்டை நேரில் புரட்டிப் பாருங்கள்: தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை, ஒவ்வொரு வருட இன்கிரிமென்ட், சம்பளமில்லா விடுப்பை முறைப்படுத்திய உத்தரவு. இதில் ஒன்று விடுபட்டிருந்தாலும் புதிய அலுவலகத்தில் சம்பள நிர்ணயம் மாதக்கணக்கில் இழுக்கும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைப்பது உத்தமம்.

நிலுவையின்மைச் சான்றுக்குப் பண்டிகை முன்பணம், குவார்ட்டர்ஸ் கரண்ட் பில், அடையாள அட்டை, சீருடைப் பொருட்கள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கூட்டுறவுச் சங்கக் கடன்தான் முட்டும். நீங்கள் வாங்கியதை அடைத்தாலும், அடுத்தவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து நிற்கும். மாற்று ஜாமீன்தாரரைப் பிடிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஓடிவிடும். இதை ராஜினாமா கொடுக்கும் முன்பே ஆரம்பியுங்கள்.

விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கியதும் தேதிக்குப் பக்கத்தில் ‘பிற்பகல்’ என்று இருக்கிறதா பாருங்கள். பிற்பகலில் விடுவிக்கப்பட்டு மறுநாள் முற்பகலில் சேர்ந்தால் பணி முறிவு வராது. வெள்ளி பிற்பகல் விடுவித்தால் திங்கள் காலை சேருங்கள். நடுவில் விடுமுறைதான் என்பதை அந்த இரண்டு காகிதங்களே காட்டிவிடும்.