எந்த சனிக்கிழமை?

தென்னாப்பிரிக்காவில், நம்ம டர்பனில் புரட்டாசி பிறந்தாச்சு. வீட்டுக்கு வீடு பூசை, அழைப்பெல்லாம் வாட்ஸப்பில், அதுவும் இங்கிலீஷில். செவ்வாய்க்கிழமை ஒருத்தர் 'நெக்ஸ்ட் சாட்டர்டே' என்று போட்டால், சிலருக்கு அது நாலு நாளில், மற்றவர்களுக்குப் பதினொரு நாளில். 'திஸ் சாட்டர்டே' என்று தனியாக ஒன்று இருப்பதால் வந்த வினை. பழைய பிரிட்டிஷ் பேச்சில் 'சாட்டர்டே வீக்' என்பார்கள்: வரும் சனிக்கு மறு சனி, குழப்பமே கிடையாது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் முழிப்பார்கள்.

இதில் நம்மூர் 'ஜஸ்ட் நௌ' வேறு! லண்டன்காரருக்கு அது இப்போதே, அல்லது சற்றுமுன். இங்கே 'அப்புறமா பார்க்கலாம்'. 'நௌ நௌ' என்றால் கொஞ்சம் நம்பலாம், அதுவும் ஆளைப் பொறுத்து.

அக்காமாரே, அண்ணன்மாரே, தேதியைப் போட்டு விடுங்க. வடைக்கு உளுந்து ஊறப்போடணும்.