அண்ணாமலையில் பேசாமல் நடந்த மூன்று நாள்

திருவண்ணாமலைக்கு நான் சென்றது இது முதல்முறை அன்று. பௌர்ணமி இரவுகளில் கூட்டத்தோடு கூட்டமாகச் சிவநாமம் சொல்லிக்கொண்டு மலையைப் பலமுறை வலம் வந்திருக்கிறேன். ஆனால் சென்ற மார்கழியில், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சிறு சத்சங்கக் குழுவோடு, வாய் திறவாமல் அந்த மலையடியில் நடந்தும் அமர்ந்தும் கழித்த மூன்று நாட்கள் முந்தைய பயணங்கள் எல்லாவற்றிலும் வேறானவை.

எங்களை ஒருங்கிணைத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆண்டுக்கு ஒருமுறை, பௌர்ணமி அல்லாத நாட்களாகப் பார்த்து, இப்படிச் சிலரை அழைத்துவருவது அவர் வழக்கம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நாங்கள் ஸ்ரீ ரமணாசிரமத்தின் முன்வாசலில், அந்தப் பழைய இலுப்பை மரத்தின் நிழலில், முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்தோம். பெயர், ஊர், தொழில் என்று விசாரிப்பதற்கு முன்பே மௌனம் தொடங்கிவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். "யார் யார் என்று தெரிந்துகொண்டால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு பேசும். வாய் மூடியிருந்தும் பயனில்லை" என்றார். கைபேசிகளை அணைத்துப் பைக்குள் வைத்தோம். வரிசையாக, அவசரமின்றி நடக்க வேண்டும். அவர் கை உயர்த்தினால் நிற்க வேண்டும். கை தாழ்த்தினால் அமர வேண்டும். எண்ணங்கள் ஓடினால் அவற்றோடு மல்லுக்கு நிற்காமல், இவை யாருக்கு எழுகின்றன என்று மட்டும் உள்ளே கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் நாள் மாலை பழைய ஹாலில் அமர்ந்திருந்தோம். பகவான் ரமண மகரிஷி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து தரிசனம் தந்த அறை அது. அன்று என் மனத்தில் மௌனம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விட்டுவந்த அலுவலக வேலை, மகளின் தேர்வு, இரவு உணவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, ஆசிரமத்தின் பின்வாயில் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறத் தொடங்கினோம். கற்கள் பாவிய அந்தப் பாதையைச் சாதாரண நடையில் அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பேச்சு நின்றுபோன பின் காது எவ்வளவு விரிகிறது என்பதை அந்தப் பாதையில்தான் அறிந்தேன். சருகுக்குள் ஓணான் ஓடுகிற சரசரப்பு, எங்கோ கீழே மயிலின் அகவல், எங்கள் இருபத்து நான்கு வெறுங்கால்களும் கல்லில் படுகிற மெல்லிய ஓசை எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ஒரு திருப்பத்தில் மாக்கல்லில் சிறு லிங்கம் ஒன்றை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தவர், விற்பதற்காக எங்களைக் கூப்பிட வாயெடுத்தார். எங்கள் வரிசையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பேசாமல் கைகூப்பிவிட்டு மீண்டும் இழைக்கத் தொடங்கினார்.

இந்த மலை சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை பெரும்பகுதி மொட்டையாக இருந்தது என்பதைப் பழைய படங்களில் பார்த்திருக்கிறேன். வெட்டும் மேய்ச்சலும் கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீயும் மரங்களை நிற்கவிடவில்லை. வனத்துறையினரும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் ஆண்டுதோறும் கன்று நட்டு, மழைக்காலம் முடிந்ததும் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்துக் காத்ததால்தான் இன்று இந்தச் சரிவில் நிழலில் நடக்க முடிகிறது. மலையையே சிவமாகக் கருதுகிறவர்களுக்கு அதன் மேல் ஒரு செடியைப் பிழைக்க வைப்பதும் அபிஷேகம் செய்வதும் வேறல்ல என்பது என் எண்ணம்.

பகவானைப் பற்றி அடியார்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி அங்கே நினைவுக்கு வந்தது. மலையில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தொடை ஒரு புதரில் இருந்த குளவிக் கூட்டில் பட்டுவிட, குளவிகள் அந்தக் காலைச் சூழ்ந்து கொட்டின. அவற்றின் வீட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று, அவை ஓயும்வரை அவர் அசையாமல் நின்றார். படித்தபோது அதை ஒரு மகானின் பொறுமை என்று மட்டும் நினைத்திருந்தேன். இருபுறமும் புதர் அடர்ந்த அந்தப் பாதையில் வெறுங்காலுடன் அடியெடுத்து வைக்கும்போதுதான், நாம் அங்கே வந்துபோகிறவர்கள், குளவியும் ஓணானும் குரங்கும் அங்கே குடியிருப்பவை என்ற உணர்வோடு அவர் நடந்தார் என்பது பிடிபட்டது.

பாதை உச்சத்தை எட்டி வளைகிற இடத்தில் ஆசிரியர் கை உயர்த்தினார். கீழே அண்ணாமலையார் கோயில் முழுவதும் தெரிந்தது. ஒன்பது கோபுரங்களும் மதில்களும் குளங்களும் ஒரே பார்வையில் அடங்கின. 217 அடி உயர ராஜகோபுரம் அங்கிருந்து பார்க்கையில் கைக்குள் எடுத்துவிடலாம் போல இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நாங்கள் வெறுமனே நின்றோம். நகரத்தின் ஓசை மெல்லிய இரைச்சலாக மேலேறி வந்துகொண்டிருந்தது.

ஸ்கந்தாசிரமத்தில் தென்னை நிழலும் சுனை நீரும் சேர்ந்து ஒரு குளுமை எப்போதும் தங்கியிருக்கும். 1916 முதல் 1922 வரை பகவான் அங்கே வாழ்ந்தார். அன்னை அழகம்மாள் தம் கடைசி ஆண்டுகளை மகனோடு கழித்ததும் அங்கேதான். அந்தச் சிறிய அறையில் சுவரோரமாக நாங்கள் அமர்ந்தோம். 1898-ஆம் ஆண்டில் அந்தத் தாய், மகன் அப்போது தங்கியிருந்த, இதே ஊரிலுள்ள பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்பும்படி நாள்கணக்கில் அழுது மன்றாடியபோது, பேசாதிருந்த மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த விடை "மௌனமாயிருக்கை நன்று" என்று முடிகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாய்க்காக என் நெஞ்சு கனக்கும்; பெற்றவளிடம் இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்டதுண்டு. அன்று அந்த அறையில் அமர்ந்திருந்தபோது கதையின் மறுபாதி கண்முன் நின்றது. 1922 மே 19 அன்று தாயின் உயிர் பிரியும்வரை, வலக்கையை அவர் நெஞ்சிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி மகன் மணிக்கணக்காக அருகில் அமர்ந்திருந்தார். அப்போதும் சொல் தேவைப்படவில்லை. பவழக்குன்றில் தாயை அழவைத்த மௌனமும் இங்கே தாயைக் கரையேற்றிய மௌனமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. கண்ணீர் தானாக வழிந்தது, துடைத்துக்கொள்ள நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சுள்ள கூட்டமாக இருந்தால் யாராவது "என்ன ஆயிற்று?" என்று கேட்டிருப்பார்கள், நானும் ஏதாவது சொல்லி அதைச் சிறிதாக்கியிருப்பேன்.

இறங்கும் வழியில் விரூபாட்ச குகைக்குச் சென்றோம். 1899 முதல் 1916 வரை பகவான் உறைந்த இடம். உள்ளே வெதுவெதுப்பும் இருளும் திருநீற்று மணமும் இருந்தன. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அடியார் கேட்ட கேள்விகளுக்குச் சைகையாலும் எழுத்தாலும் விடையளித்த நாட்களில் பகவான் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். அதை ஒரு விரதமாக அவர் மேற்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே. எங்கள் மூன்று நாள் மௌனமோ முயன்று காத்த மௌனம்தான். ஆனாலும் அந்தக் குகையில் ஒரு மணி நேரத்துக்கு அது முயற்சியின்றி இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிரிவலம் தொடங்கினோம். காட்டுக்குள் செல்லும் உள்பாதை மூடப்பட்டிருப்பதால் 14 கிலோமீட்டர் சாலை வழியேதான் சுற்ற வேண்டும். மலையை ஒட்டிய வலப்புறத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடப்புறமாக நடப்பதும், நிறைமாத அரசி அடிவைப்பது போல ஓசையின்றி நடப்பதும் மரபு. பகவான் 1926 வரை அடியார்களோடு இப்படித்தான் வலம் வந்தார். ஆங்காங்கே அமர்ந்து, உண்டு, தியானித்து, சில சமயம் ஒரு சுற்றுக்கே நாட்கணக்காகும் என்பார்கள். இந்த வேகத்தில் நடந்தால்தான் மலை முகம் மாறுவது தெரிகிறது. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுள் ஒன்றான எமலிங்கத்தைத் தாண்டும்போது ஒற்றைக் கூம்பாக நின்ற மலை, சாலை வடக்கே திரும்பியதும் தோள் விரித்து அகன்றது.

நிருதி லிங்கத்தை வணங்கிவிட்டுச் சாலையோர மண்ணில் நடந்துகொண்டிருந்தபோது சீமைக் கருவேல முள் ஒன்று என் இடக்குதிகாலில் ஆழமாக ஏறியது. சத்தம் தொண்டைவரை வந்து நின்றது. ஒற்றைக் காலில் நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் நடந்துவந்த அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், ஒன்றும் கேட்காமல் கீழே அமர்ந்து என் பாதத்தைத் தம் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். வயதில் பெரியவர் மடியில் காலை வைப்பதா என்று பதறி இழுக்கப் பார்த்தேன்; அவர் விடவில்லை. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினார். இன்னொருவர் கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். முள் ஒடிந்து உள்ளே தங்கியிருந்தது. ஊக்கின் முனையால் தோலை மெல்ல விலக்கி, பெருவிரல் நகத்தால் அழுத்தி, அந்தக் கறுத்த துண்டை வெளியே எடுத்தார். நெற்றியிலிருந்த திருநீற்றைத் துளி எடுத்து அந்த இடத்தில் அழுத்திவிட்டு எழுந்து, மறுபடியும் எனக்குப் பின்னால் தம் இடத்தில் நின்றுகொண்டார். முன்னே சென்றவர்கள் பத்தடி தள்ளி, திரும்பாமல் காத்து நின்றிருந்தார்கள். நன்றி என்ற சொல்லைக்கூடச் சொல்ல முடியாமல் கைகூப்பினேன். மலையை நோக்கிக் கூப்பும்படி அவர் முகத்தாலேயே காட்டினார்.

அடிஅண்ணாமலையை நெருங்கியபோது இருள் விலகத் தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டது. மாணிக்கவாசகர் அதை அருளிச்செய்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே, மார்கழி விடியலில், உடன் பாடாமல் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பது முதலில் கடினமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டும் எனக்கு மனப்பாடம்; உதடு அசையும், அடக்குவேன். நான்கைந்து பாட்டுக்குப் பிறகு உதடு அடங்கியது. அதன் பின் சொற்கள் வெளியிலிருந்து வருகின்றனவா உள்ளிருந்து வருகின்றனவா என்று பிரித்தறிய முடியவில்லை. இதே ஊரில் முருகன் அருணகிரிநாதருக்குச் சும்மா இரு என்று உபதேசித்ததாகச் சொல்வார்களே, அந்தச் சும்மாவின் ஓர் ஓரத்தை அப்போது தொட்டேன் என்றே நம்புகிறேன்.

குபேர லிங்கமும் ஈசான்ய லிங்கமும் கடந்து, கடைத்தெரு நெரிசலுக்குள் நுழைந்து, ராஜகோபுரத்தை வணங்கி மீண்டும் ஆசிரம வாசலை அடைந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. இலுப்பை மரத்தடியில் வட்டமாக அமர்ந்தோம். ஆசிரியர், மௌனம் நிறைவடைந்தது என்பதற்கு அடையாளமாகக் கைகூப்பினார். இனிப் பேசலாம். ஆயினும் நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஓர் அணில் எங்கள் நடுவே ஓடிச்சென்று மரத்தில் ஏறியது.

எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த அந்த அம்மா என் காலைக் குனிந்து பார்த்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்கண்ணு, முள்ளு முழுசா வந்துருச்சா?"