படத்துக்குள் ஒளிந்திருக்கும் விலாசம்

என் புகைப்படங்களுக்கென்று ஒரு தளம் கட்டும் வேலை ஓரளவு நிமிர்ந்துவிட்டது. பகலில் பிறருக்கு இணையதளம் எழுதிப் பிழைக்கிறவன், இரவில் தனக்காக எழுதும்போது பிடிவாதம் பிடிக்கலாம் அல்லவா? அதனால் தரவுத்தளம் கிடையாது, லாகின் கிடையாது, லைக் பொத்தான் கிடையவே கிடையாது. ஒரு ஃபோல்டரில் படங்களைப் போட்டால், சின்ன நிரல் ஒன்று ஓடி, படங்களைப் பல அகலங்களில் சுருக்கி, எச்டிஎம்எல் பக்கங்களாக அடுக்கித் தர வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

சுருக்குவது எளிதாக முடிந்தது. நோட் ஜேஎஸ் என்ற நிரல் மேடையில் படங்களைக் கையாள ஷார்ப் என்ற லைப்ரரி இருக்கிறது. வேகத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஏவிஐஎஃப் என்ற புதிய கோப்பு வடிவம் ஒன்று, அது புரியாத பழைய உலாவிகளுக்கு ஜேபெக் ஒன்று. 2022இல் சஃபாரியும் 2024இல் எட்ஜும் ஏவிஐஎஃப்பை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இடையில் வெப்பி என்ற இன்னொரு வடிவம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏவிஐஎஃப் கோப்பின் அளவைக் குறைக்கிற ஆர்வத்தில் நுண்ணிய இழைகளை மழுப்பிவிடும். வானம் அழகாக வரும், கூழைக்கடாவின் கழுத்து இறகு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். தரத்தின் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவைத்த பிறகுதான் பள்ளிக்கரணைப் படங்கள் கண்ணுக்குப் பொருந்தின. 1992இல் தரநிலையான ஜேபெக்கை இன்னும் யாராலும் ஓய்வுக்கு அனுப்ப முடியாததன் நியாயம் இப்போது புரிகிறது.

என் நேரத்தை விழுங்கியது எக்ஸிஃப்தான். 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று வகுத்த ஏற்பாடு இது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், ஷட்டர் எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். கைபேசியில் எடுத்த படமென்றால் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், சமயத்தில் கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதும் இருக்கும். எங்கள் மொட்டை மாடிக்கு வரும் கிளிகளின் படம் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். புள்ளி நேராகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் விழுந்தது. அம்மாவிடம் காட்டியதும், “அப்படியே சாவி எங்கே வைக்கிறோம் என்றும் எழுதிவிடு” என்றார்.

அம்மாவின் பயத்துக்கு முன்னுதாரணம் உண்டு. 2012 டிசம்பரில், ஆன்டிவைரஸ் புகழ் ஜான் மெக்காஃபி பெலிஸ் நாட்டுக் காவல்துறைக்கு டிமிக்கி கொடுத்துத் திரிந்துகொண்டிருந்தார். அவருடன் இருக்கிறோம் என்று பெருமையாக வைஸ் பத்திரிகை ஒரு படத்தை வெளியிட்டது. ஐஃபோன் படம்; இடத்தின் எண்கள் அழிக்கப்படவில்லை. குவாதமாலாவில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது, சில நாள்களில் கைதும் ஆனார். கணினிப் பாதுகாப்பை விற்றே பணக்காரரானவர் என்பதை நினைத்தால் சிரிப்பு வராமல் இல்லை.

சரி, எல்லாவற்றையும் துடைத்துவிடலாமே? ஷார்ப் இயல்பாகவே துடைத்துத்தான் தருகிறது. அதிலும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. கேமராவை நிறுத்திப் பிடித்தோமா, படுக்கையாகப் பிடித்தோமா என்பதும் எக்ஸிஃப்பில்தான் இருக்கிறது. துடைப்பதற்கு முன்பே படத்தைத் திருப்பச் சொல்லாவிட்டால் கோபுரங்கள் எல்லாம் பள்ளிகொண்ட பெருமாள் ஆகிவிடும். இன்னொன்று, எக்ஸிஃப்பைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அழித்தால், நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் நிற விவரக்குறிப்பும் சேர்ந்து போய்விடும். விரிந்த நிறவெளியில் எடுத்த கைபேசிப் படங்கள் அதன்பின் வெளுத்துத் தெரியும். நிறக்குறிப்பை மட்டும் விட்டுவை என்று அதற்குத் தனியே சொல்ல வேண்டும்.

ஆனால் துடைப்பதுதான் நல்லது என்று முடிவுகட்ட மனம் வரவில்லை. காரணம் செய்திகள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 2015 வெள்ளப் படங்கள் ‘இன்று காலை எடுத்தது’ என்று வந்து சேருகின்றன. மறுத்துச் சொல்லக் கையில் ஆதாரம் இருக்காது. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் தேதி உட்பட அத்தனையையும் உரித்துவிடுகிறது. டாகுமெண்டாக அனுப்பினால் மட்டும் அப்படியே போகும். எந்தச் சித்தப்பா அப்படி அனுப்புகிறார்?

2024 மார்ச்சில் பிரிட்டிஷ் இளவரசி கேத்தரின் குழந்தைகளுடன் இருக்கும் படத்தை ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி செய்தி நிறுவனங்கள் எல்லாம் திரும்பப் பெற்றன. சிறுமியின் ஸ்வெட்டர் கையில் இருந்த பிசிறைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஃபோட்டோஷாப்பில் சேமிக்கப்பட்டது என்று கோப்புக்குள் இருந்த குறிப்பும் அதற்கு ஒத்துப்போனது. அந்தக் குறிப்பு துடைக்கப்பட்டிருந்தால் விவாதம் இன்னும் இழுத்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்றுவிட்டு, அது செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். படம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இனி படத்தோடு ஒட்டியே வரும்.

இதற்கு மருந்தாகத்தான் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை 2021இல், படத்தின் மூலத்துக்குச் சான்று தர சிடூபிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஷட்டரை அழுத்தும்போதே கேமரா டிஜிட்டல் கையொப்பம் இட்டுவிடும். லைக்கா 2023இல் முதலாவதாக ஒரு கேமராவில் கொண்டுவந்தது. 2025இல் நிகானும் இசட்6 III கேமராவில் கொண்டுவந்தது. பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே படமாகப் பதியும் ‘மல்டிபிள் எக்ஸ்போஷர்’ வசதியைப் பயன்படுத்தி, கையொப்பம் இல்லாத படத்துக்கும் கையொப்பம் வாங்கலாம் என்று ஒரு பயனர் காட்டிவிட்டார். நிகான் தான் வழங்கிய சான்றிதழ்கள் அனைத்தையும் ரத்து செய்தது. இணையப் பாதுகாப்பில் புழங்குபவர்களுக்கு இது பழகிய கதை. கையொப்பம் சொல்வது கேமராவுக்குள் இருக்கும் இந்த டிஜிட்டல் சாவி இந்தக் கோப்பைத் தொட்டது என்பதை மட்டுமே. லென்ஸுக்கு முன்னால் அச்சடித்த படம் ஒன்றை நீட்டியிருந்தாலும் கேமரா மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடும்.

கடைசியில் நான் செய்திருப்பது இது. தேதி, லென்ஸ், என் பெயர், குறிப்பு எல்லாம் படத்தோடு இருக்கும். இடம் போய்விடும். தெருப் படங்களுக்கு மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி, இணையப் பக்கத்தில் தனியே போடுகிறேன். அப்போது சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம்தான் இருக்கும். காசிமேடு என்று தெரியும், எந்த வீட்டு வாசல் என்று தெரியாது. கூடு இருக்கும் பறவைப் படங்களுக்கு அதுவும் இல்லை. பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்டு தளமே ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. ஆந்தைப் பொந்து ஒன்றின் இடம் வெளியே கசிந்தால் மறுவாரம் அந்த மரத்தடியில் எத்தனை டெலி லென்ஸ்கள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

தமிழில் குறிப்பு எழுதுவதில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எக்ஸிஃப்பின் விவரப் புலம் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 வசதி 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. செய்தித்துறையினரின் பழைய ஐபிடிசி வடிவத்தில் படமெடுத்தவர் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (‘சு’ என்றால் எழுத்தும் உகரக் குறியும் என இரண்டு) மூன்று பைட் என்பதால் ‘சுப்பிரமணியன்’ என்று எழுதவே 39 ஆகிறது. ஆகவே குறிப்புகள் எல்லாம் எக்ஸ்எம்பி என்ற இன்னொரு குறிப்பு வடிவத்தில். அங்கே மொழியையும் குறிக்கலாம், ஒரே படத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் குறிப்பு வைக்கலாம்.

கேமரா, கைபேசி இரண்டின் படங்களையும் நேர வரிசையில் கோப்பது இன்னொரு தலைவலி. நேர மண்டலத்தைக் குறிக்க எக்ஸிஃப்பில் இடம் வந்ததே 2016இல்தான். என் பழைய கேமராவுக்கு அது தெரியாது. வெளியே கிளம்பும்போது கைபேசியின் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் கையில் இருக்கும். மற்றப் படங்களை எக்ஸிஃப்டூல் ஒரே கட்டளையில் நகர்த்திவிடும்.

இப்போது நிரலின் கடைசிப் படியாக ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வெளியேறும் கோப்புகளில் எதிலாவது ஜிபிஎஸ் புலம் மிஞ்சியிருந்தால் தளம் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். எக்ஸிஃப்புக்குள் முன்னோட்டத்துக்காகப் பதுங்கியிருக்கும் குட்டிப் படத்தையும் சேர்த்தே பார்க்கிறது. படத்தை வெட்டிச் சுருக்கினாலும் சில மென்பொருள்கள் உள்ளே பழைய குட்டிப் படத்தை மாற்றாமல் விட்டுவிடுகின்றன. பாக்கி இருப்பது குறிப்பே இல்லாத பழைய ஃபோல்டர்கள். அதில் கல்யாணப் படங்கள் நிறைய. பெயர்களை அம்மாவிடம்தான் கேட்டு எழுத வேண்டும்.