முன் காயில் ஸ்பிரிங் மாற்றுதல்: நடு நட்டைத் தொடும் முன்

முன் சக்கரத்துக் காயில் ஸ்பிரிங்கை மாற்றும் வேலையில் பெரும்பகுதி சாதாரண நட்டு, போல்ட் வேலைதான். உயிருக்கு ஆபத்தான இடங்கள் இரண்டே. ஒன்று, ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் கார். இன்னொன்று, ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) உச்சியில் நடுவில் இருக்கும் நட்டு. அந்த ஒரு நட்டுதான் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திக் கட்டாமல் அதைக் கழற்றினால் மேல் மவுண்டும் (ஸ்ட்ரட்டின் உச்சியைக் காரோடு பிணைக்கும் பகுதி) ஸ்பிரிங்கும் சேர்ந்து பாயும். அந்த நேரத்தில் முகமோ கையோ மேலே இருந்தால் தப்பிக்க வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் அழுத்த 25 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காருக்கு இது இயல்பான அளவுதான். ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்தெடுக்க அதன் இயல்பு நீளத்திலிருந்து 125 மில்லிமீட்டர் அழுத்த வேண்டியிருந்தால், விசை 3,125 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 320 கிலோ எடை. உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் 195 ஜூல். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்போதும் இதில் பெரும்பகுதி ஸ்பிரிங்குக்குள்ளேயே இருக்கிறது. காரைத் தூக்கிவிட்டதால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு.

கீழே சொல்வது மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகைக்கு. ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் அமைப்பு இது. பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் இதுதான்.

ஸ்பிரிங்கை எப்போதும் இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள். பழையது ஒன்றும் புதியது ஒன்றும் இருந்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், பிரேக் போடும்போது இழுக்கும். சில மாடல்களில் இடது, வலது ஸ்பிரிங்குகளே வேறு வேறு. பார்ட் நம்பரையும் கம்பியில் உள்ள வண்ணக் கோடுகளையும் பழையதோடு ஒப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் அப்சார்பர் முழுதாக அழுந்தும்போது மோதலைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தூசு தடுக்கும் உறை) ஆகியவற்றையும் கையோடு வாங்கி வைப்பது நல்லது. பழைய பேரிங்கை விட்டுவிட்டு மூடினால், ஆறு மாதத்தில் அதே வேலையை முதலிலிருந்து செய்ய நேரலாம். லாக் நட்டுகள் அனைத்தும் புதியதாக இருக்கட்டும். அவற்றுக்குள் இருக்கும் நைலான் வளையம் ஒரு முறை இறுகினால் மறுமுறை அந்தப் பிடிப்பு வராது.

சமதளமான, கெட்டியான தரையில் கார் நிற்க வேண்டும். கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, கையேடு சொல்லும் இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளில் இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுகி நிற்கும். அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடின் போல்ட் வெளியே வர மறுக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தொங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸ் கிளாம்பையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ராடு நட்டைத் திருப்பும்போது அதன் பந்துத் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் முனையில் உள்ள ஆலன் அல்லது டார்க்ஸ் குழியைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் பாதி வேலை மிச்சம்.

ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுமுன், ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். பல கார்களில் கேம்பர் கோணம் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) அந்த இடத்தில்தான் மாறும். போல்ட்டுகள் வந்தவுடன் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை அப்படியே தொங்க விடாதீர்கள். என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் இழுபட்டுப் பிரிந்துவிடலாம், பிரேக் ஹோஸும் இறுகும். நக்கிளைக் கம்பியால் காரின் உடற்பகுதியோடு கட்டி நிறுத்துங்கள். சில கார்களில் இரண்டு போல்ட்டுக்குப் பதில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி ஒரே பிஞ்ச் போல்ட்டால் இறுகியிருக்கும். அந்தப் பிளவை அதற்கான விரிப்பானால் மெல்ல விரித்து இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் நக்கிள் கெடும்.

கடைசியாக மேலே, பானெட்டுக்குள். மவுண்டைச் சுற்றியுள்ள நட்டுகளை, பெரும்பாலும் மூன்று, மட்டும் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். மவுண்ட் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நட்டை எடுக்கும்போது கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

இனி கவனம் முழுவதும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் மேல். கொக்கி வகை ஜோடியைப் பயன்படுத்தினால், மரை வளையாமலும் கொக்கியில் வெடிப்பு இல்லாமலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவுங்கள். கொக்கி நழுவாமல் தடுக்கும் பின் இல்லாத கம்ப்ரஸரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், 180 டிகிரி இடைவெளியில் மாட்ட வேண்டும். முடிந்த அளவு அதிகச் சுற்றுகளைக் கொக்கிகளுக்குள் பிடியுங்கள். இரண்டு, மூன்று சுற்றுகளை மட்டும் பிடித்தால் அவை ஒன்றோடொன்று முட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் ஸ்பிரிங் குறையாது, கம்ப்ரஸர் மரைதான் பழுதாகும்.

திருகுவது கை ராட்செட்டால் மட்டும். இம்பாக்ட் துப்பாக்கி மரையைச் சூடாக்கி அரித்துவிடும், கொக்கியும் துள்ளும். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றித் திருகுங்கள். ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளையத் தொடங்கினால் நிறுத்தி, அதிகம் இறுகிய பக்கத்தைத் தளர்த்திச் சமன்செய்யுங்கள். கொக்கி நழுவுவது பெரும்பாலும் இந்த வளைவில்தான். உடலும் முகமும் ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கு நேரே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். பீப்பாய் வடிவ ஸ்பிரிங், கூம்பு ஸ்பிரிங், சுற்று குறைந்த தடித்த ஸ்பிரிங் ஆகியவற்றில் கொக்கி சரியாக உட்காராது. அவற்றுக்குத் தட்டு வகை அல்லது சுவரில் பொருத்தும் கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்கு ஸ்ட்ரட்டை மட்டும் எடுத்துப் போவதே சரி. உடைந்த ஸ்பிரிங்காக இருந்தால், உடையாத சுற்றுகளில் மட்டும் கொக்கி மாட்டுங்கள். உடைந்த நுனி கத்திபோல் வெட்டும்.

எப்போது போதும்? ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினால் அதன் இருக்கையில் (ஸ்பிரிங் முனை அமரும் தட்டு) லேசாக நகர வேண்டும். மேல் இருக்கையின் மேல் ஸ்பிரிங் அழுத்தம் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி. அதன் பிறகுதான் நடு நட்டு. ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு, துளையுள்ள சாக்கெட்டால் நட்டைத் திருப்புங்கள். ஸ்பிரிங் அப்படி நகரவில்லை என்றால் நட்டைக் கழற்றாதீர்கள், ஸ்பிரிங்கை இன்னும் அழுத்துங்கள். தண்டின் வழவழப்பான பகுதியைப் பிளையரால் கவ்வினால், அந்தக் கீறல் எண்ணெய் சீலை அறுத்துவிடும். அழுத்திய ஸ்பிரிங்கைக் கீழே போடவோ தட்டவோ வேண்டாம். முனைகள் யாரையும் நோக்காமல் ஓரமாக வைத்து, அதே மாற்றி மாற்றித் திருகும் முறையில் மெல்லத் தளர்த்துங்கள்.

புதிய ஸ்பிரிங்கையும் அதே கவனத்தோடு அழுத்துங்கள். ஷாக் அப்சார்பர் புதியது என்றால் நேராக நிறுத்தி மூன்று, நான்கு முறை முழுநீளத்துக்கு இழுத்து அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட், ஸ்பிரிங், மேல் இருக்கை, பேரிங், மவுண்ட் எனப் பழைய வரிசைப்படி ஏற்றுங்கள். பேரிங்கைத் தலைகீழாக வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்பிரிங்கில் எழுத்து இருந்தால் பெரும்பாலும் அது நிமிர்ந்து வாசிக்கும்படி அமையும். கம்பியின் முனை கீழ் இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். அது படி மேல் ஏறியிருந்தால் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது டொங் என்று குதித்து உட்காரும்.

நடு நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கிய பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்துங்கள். இறுக்க அளவு காருக்குக் கார் மாறும். சிறிய கார்களில் நடு நட்டுக்கு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர் என்ற எல்லையைப் பரவலாகக் காணலாம். ஆனால் உங்கள் காரின் கையேடு சொல்வதே இறுதி. தளர்த்தும்போது இரு முனைகளும் தத்தம் இடத்தில் அமர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

காரில் பொருத்தும் வரிசை, கழற்றியதற்கு நேர்மாறு. பெயின்ட் கோட்டை ஒத்துவைத்து நக்கிள் போல்ட்டுகளை இறுக்குங்கள். கீழ் ஆர்ம் (நக்கிளைக் கீழே காரோடு இணைக்கும் கை) புஷ்ஷின், அதாவது அதன் ரப்பர் மூட்டின், போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரங்கள் தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் அதை முழுமையாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும்.

ஸ்பிரிங் தனியாகக் கீழ் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் டபுள் விஷ்போன் அமைப்புக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கு ஸ்பிரிங்குக்குள்ளேயே நுழையும் கம்ப்ரஸரும், ஸ்பிரிங் பாயாதபடி ஒரு சங்கிலியும், ஆர்மின் கீழே ஜாக்கியும் வேண்டும். ஆர்மை நக்கிளோடு இணைக்கும் பால் ஜாயின்டைக் கழற்றிய பிறகு ஆர்மைத் தாங்குவது ஜாக்கி மட்டுமே என்பதை மறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பெயின்ட் கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஸ்பிரிங் உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், டயர் உள்விளிம்பு தேயும். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் முறுகவோ டயரில் உரசவோ கூடாது, ஸ்பிரிங்கிலிருந்து சத்தமும் வரக் கூடாது. சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். மவுண்ட் நட்டுகளையும் அப்போதே ஒரு முறை பார்த்துவிடலாம்.