கைக்கருவியில் பழைய கன்சோல்: சிக்கல் வேகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது

1990-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் நின்டெண்டோ என்ற விளையாட்டு கன்சோலின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் விளையாட்டுகளை எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்) வழியே ஓட்டும் என் கைக்கருவியின் செயலியோ ஒரு கிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடுகிறது. அப்படியிருந்தும், சீராக நகர வேண்டிய பின்னணிக் காட்சி அவ்வப்போது லேசாகத் துள்ளுவதை முதல் நாளிலேயே கவனித்தேன். கருவிக்கு வலு போதவில்லை என்றெண்ணி அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்; துள்ளல் நிற்கவில்லை.

உண்மைக் காரணம் திரையில் இருந்தது. அந்த கன்சோலின் அமெரிக்க, ஜப்பானிய வடிவங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 60.1 பிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, வரைந்தன. என் கருவியின் திரை 60 முறை மட்டுமே புதுப்பிக்கிறது. எனவே பத்து விநாடிக்கு ஒரு பிரேம் மிஞ்சுகிறது, அதைக் கைவிடும் கணத்தைத்தான் கண் துள்ளலாகக் காண்கிறது. நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான கேம் பாயின் கணக்கு 59.73 என்பதால் அங்கே நிலைமை தலைகீழ்: நான்கு விநாடிக்குள் ஒரு பிரேம் குறைய, முந்தைய பிரேமே மீண்டும் காட்டப்படுகிறது.

திரையின் தாளத்துக்கே சூப்பர் நின்டெண்டோ விளையாட்டை ஓட்டினால் காட்சி சீராகிவிடும். ஆனால் அப்போது விநாடிக்குக் கிடைக்க வேண்டிய ஒலி முழுமையாகக் கிடைக்காமல், ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் பஃபர் சிறிது சிறிதாக வற்றி, ஒலி கரகரவென்று வெடிக்கத் தொடங்கும். காட்சித் துள்ளலைவிட இது எனக்குப் பெரிய வேதனை. நல்ல எமுலேட்டர்கள் ஒலியை 0.2 சதவீதத்துக்கும் குறைவாக நீட்டி இந்த இடைவெளியை நிரப்புகின்றன. அந்த அளவு மாற்றத்தைக் காது உணர்வதில்லை. இத்துறையில் நான் கண்ட மிக அழகான தீர்வு இதுவே.

கன்சோலுக்கு உள்ளேயும் இதே நேரச் சிக்கல் உண்டு. முதன்மைச் செயலி, படம் வரையும் சில்லுகள், தனிக் கடிகாரத்தில் ஓடும் ஒலிச் செயலி ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் இயங்கியவை. அவற்றை நொடியின் நுண்பகுதி தவறாமல் ஒத்திசைப்பதற்குப் பெரும் கணிப்பாற்றல் வேண்டும்; கைக்கருவியில் அது சூடாகவும் பேட்டரி இழப்பாகவும் மாறுகிறது. ஆகவே பல எமுலேட்டர்கள் படத்தை வரி வரியாக மட்டுமே கணக்கிடுகின்றன. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அது போதும். ஆனால் ‘ஏர் ஸ்ட்ரைக் பட்ரோல்’ என்ற விளையாட்டு ஒரு வரியின் நடுவிலேயே திரையின் ஒளியளவை மாற்றி விமானத்தின் நிழலை வரைகிறது; வரிக்கணக்கில் ஓடும் எமுலேட்டரில் அந்த நிழல் தோன்றுவதே இல்லை.

மற்றவற்றுக்கு இலகுவான எமுலேட்டரையே வைத்திருக்கிறேன். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும், பேட்டரி விரைவில் தீர்ந்தாலும், துல்லியமானதைத் திறக்கிறேன்.